ஸ்டீவ் ஸ்பரியர்: கல்லூரியில் கொடிகட்டிப் பறந்தவர், என்எஃப்எல்லில் ஏன் சறுக்கினார்?

ஒருவர் கேட்டு எழுதியிருப்பது இது (என்எஃப்எல் என்பது அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக், ஹைஸ்மன் என்பது வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது): "ஸ்டீவ் ஸ்பரியர் 1966இல் ஹைஸ்மன் விருது வாங்கினார். என்எஃப்எல்லில் ஆட்டக்காரராகச் சுமார்தான். கல்லூரிப் பயிற்சியாளராக உச்சத்துக்குப் போனார். அதே மனிதர் என்எஃப்எல்லுக்குப் பயிற்சியாளராகப் போனதும் இரண்டே வருடத்தில் வெளியே. அப்படியென்றால் கல்லூரி ஃபுட்பால் அவ்வளவு சுலபமா?" கடைசி வரிதான் இங்கே உண்மையான கேள்வி. கல்லூரியில் மட்டும் ஜெயித்தவரைப் பெரிய பயிற்சியாளர் என்று சொல்லலாமா, இல்லை எதிரிகள் பலவீனமாக இருந்ததால் கிடைத்த பெயரா என்று கேட்கிறார். நியாயமான சந்தேகம்தான். என் பதில், சுலபம் இல்லை, ஆனால் அது வேறு வேலை. ஸ்பரியர் அந்த வேறு வேலைக்கென்றே அமைந்த ஆள். அதிலும் ஒரே வித்தையை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர் இல்லை.

நான் பேசுவது அமெரிக்க ஃபுட்பால், ஹெல்மெட் போட்டு ஆடுவது. மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்தபோது ஒரு பல்கலைக்கழக அணியின் வீடியோ அறையில் பகுதிநேர வேலை கிடைத்தது. எதிரணியின் ஒவ்வொரு ஆட்ட நகர்வையும் வெட்டி, வகை பிரித்து, பயிற்சியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். படிப்பு முடிந்த பிறகும் சில வருடம் அதையே செய்தேன். ஸ்பரியரிடம் வேலை பார்த்தவன் இல்லை, அவரோடு பேசியதும் இல்லை. அதனால் அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்லும் இடங்களை என் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்டக்காரர். 1945இல் பிறந்தவர், டென்னசியின் ஜான்சன் சிட்டியில் வளர்ந்தவர், அப்பா பிரஸ்பிடேரியன் போதகர். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை வீசுகிறவர். 1966 அக்டோபரில் ஆபர்ன் அணியோடு 27-27 என்று சமநிலையில் ஆட்டம் முடியப் போகிறது, 40 கஜத்தில் ஃபீல்டு கோல் ஒன்று, அதாவது கம்பங்களுக்கு நடுவே மூன்று புள்ளிக்கு ஒரு உதை, உதைக்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒருவர் அணியில் இருக்கிறார். ஸ்பரியர் "நான் உதைக்கிறேன்" என்று முன்னால் வந்து உதைத்து 30-27 என்று ஜெயிக்க வைத்தார். அந்த வருட ஹைஸ்மன் அங்கேயே முடிவாகிவிட்டது என்று ஃப்ளோரிடாக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம், ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு அந்த ஒரு உதை போதும். (அதே அணிக்காகத்தான் அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ராபர்ட் கேட் 1965இல் கேட்டரேடைக் கண்டுபிடித்தார். இன்று நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிற அந்த பானத்தை முதலில் குடித்தவர்களில் ஸ்பரியரின் அணி உண்டு.)

1967 டிராஃப்டில், அதாவது என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதில், மூன்றாவது ஆளாக சான் ஃபிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் அவரை எடுத்தது. அங்கே ஜான் பிராடி என்ற குவார்ட்டர்பேக் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், 1970இல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவர். ஆகவே ஸ்பரியருக்குப் பெஞ்சுதான். ஆரம்ப வருடங்களில் பந்தைத் தூர உதைக்கும் பண்ட்டர் வேலை. 1972இல் பிராடிக்கு அடிபட்டபோது சீசனின் பெரும்பகுதி ஆடி, அணி லீகில் தன் பிரிவை (டிவிஷனை) வெல்ல வழி செய்தார். அதுதான் அவருடைய நல்ல வருடம். 1976இல் புதிதாகத் தொடங்கிய டம்பா பே பக்கனியர்ஸுக்குப் போனார். அந்த அணி அந்த சீசனில் ஆடிய 14 ஆட்டங்களிலும் தோற்றது. மொத்தத் தொழில்முறை வாழ்க்கையில் 40 டச்டவுன் பாஸ் (எதிரியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி எடுத்த வீச்சு), 60 இன்டர்செப்ஷன் (எதிரி பிடித்துவிட்ட வீச்சு). அதாவது கொடுத்ததைவிட எதிரியிடம் பறிகொடுத்தது அதிகம். "சுமார்" என்று கேட்டவர் சொன்னது மரியாதைக்காகத்தான்.

பெஞ்சில் உட்கார்ந்த வருடங்கள்தான் அவரைப் பயிற்சியாளராக்கின என்று நிறையப் பேர் எழுதுவார்கள். எனக்கும் அப்படித் தோன்றும், ஆனால் நிரூபிக்க முடியாது. பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றும் கற்காமல் போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது அதற்குப் பிறகு நடந்தது. 1978இல் தன் பழைய ஃப்ளோரிடாவிலேயே குவார்ட்டர்பேக்குகளுக்கான உதவிப் பயிற்சியாளர் ஆனார். அந்த சீசனோடு தலைமைப் பயிற்சியாளர் டக் டிக்கியை நீக்கினார்கள், புதிதாக வந்த சார்லி பெல் ஸ்பரியரை வைத்துக்கொள்ளவில்லை. ஹைஸ்மன் வாங்கித் தந்த பிள்ளை, சொந்தக் கல்லூரியிலிருந்தே ஒரு வருடத்தில் வெளியே. அடுத்து ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம். அங்கேயும் 1979 முடிவில் தலைமை மாறியது, புதிதாக வந்த பில் கரியும் இவரை வைத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் கரி கென்டக்கி அணிக்குப் பயிற்சியாளராகி, 1990 முதல் 1996 வரை வருடா வருடம் ஸ்பரியரின் ஃப்ளோரிடாவோடு மோதினார். ஏழு முறையும் தோல்வி. அதில் 1994இல் 73-7, 1996இல் 65-0. பழைய கணக்கைத் தீர்த்தாரா என்றால், அது ஊர்ப் பேச்சு. ஆனால் 65-0 என்கிற ஸ்கோர் சும்மா வராது என்று நானும் நினைப்பதுண்டு.

அதன் பிறகு டியூக் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர், 1983 முதல் 1985 வரை யுஎஸ்எஃப்எல் என்ற போட்டி லீகில் டம்பா பே பேண்டிட்ஸின் தலைமைப் பயிற்சியாளர். அங்கே 35 வெற்றி, 19 தோல்வி. கவனியுங்கள், அது தொழில்முறை லீக். "இவர் திட்டம் பெரியவர்களிடம் செல்லாது" என்கிற வாதம் இங்கேயே ஓட்டை விழுகிறது. அந்த லீகின் ஆட்டக்காரர்கள் என்எஃப்எல் தரம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், சரி, ஆனால் கல்லூரிப் பிள்ளைகளும் இல்லையே. லீகே மூடப்பட்ட பிறகு 1987இல் டியூக்கின் தலைமைப் பயிற்சியாளர். டியூக் என்றால் கூடைப்பந்தும் படிப்பும். ஃபுட்பாலை அங்கே யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. அந்த அணியை வைத்து 1989இல் டியூக் ஆடும் கல்லூரி லீகான ஏசிசியின் பட்டத்தை வர்ஜீனியாவோடு பகிர்ந்துகொண்டார். 1962க்குப் பிறகு டியூக்குக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. அந்த சீசன் கடைசியில் பக்கத்து ஊர் எதிரி நார்த் கரோலினாவை அவர்கள் மைதானத்திலேயே 41-0 என்று அடித்துவிட்டு, ஸ்கோர்போர்டுக்குக் கீழே அணியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். அந்த வாய்த்துடுக்கும் குறும்பும் கடைசி வரை அவரை விடவில்லை. சிலருக்கு அதனாலேயே அவரைப் பிடிக்கும், நிறையப் பேருக்கு அதனாலேயே பிடிக்காது.

1990இல் ஃப்ளோரிடா அவரைத் திரும்பக் கூப்பிட்டது. தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் லீகான எஸ்இசியில் 1930களிலிருந்து ஆடிவந்தும் ஃப்ளோரிடாவுக்கு அதிகாரபூர்வப் பட்டம் ஒன்றுகூட இல்லை. 1984இல் வென்றதை விதிமீறலுக்காகப் பறித்துவிட்டார்கள். 1991இல் ஸ்பரியர் முதல் பட்டத்தைக் கொண்டுவந்தார், அப்புறம் 1993 முதல் 1996 வரை தொடர்ந்து நான்கு, 2000இல் ஒன்று. 12 சீசன்களில் 122 வெற்றி, 27 தோல்வி, ஒரு சமநிலை. எந்த சீசனிலும் ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை.

இப்போது கேள்வியின் நடுப்புள்ளிக்கு வருகிறேன், இது ஏன் கல்லூரியில் வேலை செய்தது. அன்றைய எஸ்இசி பந்தை ஓடித் தூக்கிப் போகும் லீக். தடுப்பணிகள் அதற்கென்றே ஆள் சேர்த்து, அதற்கென்றே பயிற்சி எடுத்திருந்தன. ஸ்பரியர் வந்து முதல் டவுனிலிருந்தே (பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் முதலாவது) வீச ஆரம்பித்தார். பந்து பிடிக்கும் ஆட்களை அகலமாகப் பரப்புவது, எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்துக் கடைசி நொடியில் குவார்ட்டர்பேக்கே நகர்வை மாற்றுவது. பலவீனமான ஒரு தடுப்பாளரைக் கண்டுபிடித்துவிட்டால் அவன் பக்கமே திரும்பத் திரும்பப் போவது.

இதற்கு மைதானமே ஒத்துழைத்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பந்தை எங்கே வைத்து ஆட வேண்டும் என்பதை ஹாஷ் கோடுகள், அதாவது மைதானத்தின் நீளவாக்கில் இரண்டு வரிசையாகப் போட்ட குறிகள், தீர்மானிக்கும். மைதானத்தின் அகலம் 160 அடி. என்எஃப்எல்லில் இரண்டு ஹாஷ் வரிசைக்கும் நடுவே 18 அடி 6 அங்குலம்தான், ஆகவே பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவிலேயே இருக்கும். கல்லூரியில் 1993க்கு முன்பு 53 அடிக்கு மேல், அதற்குப் பிறகு 40 அடி. பந்து ஒரு ஓரத்து ஹாஷில் இருந்தால் மறுபக்கம் 100 அடி திறந்த வெளி. அந்த வெளியில் வேகமான ஒருவனையும், அவனைவிட மெதுவான ஒரு தடுப்பாளனையும் தனியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு வேண்டாம். வீடியோ அறையில் நாங்கள் ஒவ்வொரு நகர்வுக்கும் முதலில் பதிவு செய்தது பந்து எந்த ஹாஷில் இருக்கிறது என்பதைத்தான். கல்லூரியில் அதை வைத்தே பாதி ஆட்டத்தைச் சொல்லிவிடலாம்.

அடுத்தது ஆள் சேர்ப்பு. கல்லூரியில் ஜெயிக்கிறவனிடம் நல்ல பிள்ளைகள் வருவார்கள், அவர்கள் வந்தால் இன்னும் ஜெயிப்பான். ஃப்ளோரிடா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் வேகமான பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. என்எஃப்எல்லில் நேர் எதிர்: கடைசியில் வந்த அணிக்கு முதல் தேர்வு, எல்லா அணிக்கும் ஒரே சம்பள வரம்பு. லீகே எல்லாரையும் சமமாக்கப் பார்க்கிறது. உங்கள் வேகமான ஆளுக்கு எதிரே நிற்பவன் அதே வேகம், சம்பளமும் கிட்டத்தட்ட அதேதான்.

நேரமும் ஒரு காரணம். கல்லூரி சீசனில் ஆட்டக்காரர்களோடு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்பது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏவின் விதி, மீதி நேரம் வகுப்பு. எதிரணித் தடுப்பாளர்களுக்குப் புதுமையான ஒரு திட்டத்தைப் புரிந்துகொள்ளவே அது போதாது. என்எஃப்எல்லில் அது முழுநேர வேலை. ஒரு புதுமை அங்கே மூன்று நான்கு வாரம் தாங்கினால் பெரிய விஷயம்.

2002இல் வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் ஐந்து வருடத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் கொடுத்து அவரை எடுத்தது. முன்னோட்ட ஆட்டம் ஒன்றில், ஜப்பானின் ஒசாகாவில், 49ஏர்ஸை 38-7 என்று அடித்தார்கள். எல்லாரும் ஆகா என்றார்கள். முன்னோட்ட ஆட்டத்தில் எதிரணி தன் சரக்கைக் காட்டாது என்பது ஆகா என்றவர்களுக்கும் தெரியும். அந்த சீசன் 7-9, அடுத்தது 5-11. மொத்தம் 12 வெற்றி, 20 தோல்வி, அவராகவே ராஜினாமா. டேனி வூர்ஃபல், ஷேன் மேத்யூஸ் என்று தன் பழைய ஃப்ளோரிடாக் குவார்ட்டர்பேக்குகளை அழைத்துப் போனதைக் கேலி செய்வார்கள். எனக்கு அது பெரிய தவறாகத் தெரியவில்லை, திட்டம் தெரிந்தவனைக் கூட வைத்துக்கொள்வது எல்லாரும் செய்வதுதான். பெரிய தவறு, குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றப் போதிய ஆளை நிறுத்தாமல் எல்லாரையும் பாஸ் பிடிக்க ஓடவிட்டது. இளைஞர் பேட்ரிக் ராம்ஸி அதற்காக வாங்கிய அடிகளை 2003 ஆட்டங்களில் பார்த்தால் நமக்கே வலிக்கும். கல்லூரியில் அந்த அடி வருவதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்கும்.

மற்றவர்களையும் பாருங்கள். கல்லூரியில் ஏழு தேசியப் பட்டம் வென்ற நிக் சேபன் என்எஃப்எல் அணியான மயாமி டால்ஃபின்ஸில் 15 வெற்றி, 17 தோல்வி. அவரை யாராவது சுமார் என்று சொல்கிறார்களா? மறுபக்கம் ஜிம்மி ஜான்சனும் பீட் கேரலும் இரண்டு இடத்திலும் உச்சம் தொட்டார்கள். ஆகவே "கல்லூரிக்காரருக்கு என்எஃப்எல் ஒத்துவராது" என்று விதி போட முடியாது. ஆட்களை நிர்வகிப்பதும் தடுப்பணியைக் கட்டுவதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், அதில் பலசாலியான பயிற்சியாளர் இரண்டு இடத்திலும் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்பரியரின் பலம் முழுக்க நகர்வுத் தேர்வில் இருந்தது. ராத்திரி அலுவலகத்திலேயே தூங்கும் பயிற்சியாளர்களைக் கிண்டல் செய்து, கோல்ஃப் ஆடப் போகிறவர் அவர். அந்தப் போக்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் இருக்கும் கெய்ன்ஸ்வில்லில் அழகாக இருந்தது, வாஷிங்டனில் சோம்பேறித்தனம் என்றார்கள். இரண்டுமே கொஞ்சம் அநியாயம்.

அதோடு கதை முடிந்திருந்தால் கேட்டவரின் சந்தேகத்தில் பாதியை ஒப்புக்கொள்வேன். முடியவில்லை. 2005இல் எஸ்இசியிலேயே ஆடும் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதுவரையான தன் மொத்த வரலாற்றிலும் ஒரே ஒரு சீசனில்தான், 1984இல், பத்து ஆட்டம் வென்ற அணி அது. முதல் ஐந்து வருடம் சுமாராகத்தான் போனது. எஸ்இசியில் இப்போது எல்லாரும் வீசக் கற்றுவிட்டார்கள், ஸ்பரியர் 1990இல் கொண்டுவந்த ஆச்சரியம் யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. அப்போதுதான் 65 வயதில் ஆட்டத்தையே மாற்றினார். 2010இல் மார்கஸ் லாட்டிமோர் என்ற முதலாம் ஆண்டு ஓட்டக்காரரை நம்பினார். அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 35-21 என்று வீழ்த்தினார்கள். நவம்பரில் ஃப்ளோரிடாவின் சொந்த மைதானம், "சதுப்பு நிலம்" என்று ஸ்பரியரே பெயர் வைத்த மைதானம். அங்கே லாட்டிமோர் 40 முறை பந்தோடு ஓடி 212 கஜம் எடுத்தார். 36-14 வெற்றி, சவுத் கரோலினாவுக்கு எஸ்இசியின் முதல் கிழக்கு டிவிஷன் பட்டம். வாழ்நாள் முழுக்க வீசச் சொன்ன மனிதர், தன் பழைய வீட்டில், 40 முறை ஓடச் சொல்லி ஜெயிக்கிறார். அவருடைய எந்தப் பட்டத்தைவிடவும் எனக்குப் பிடித்த ஆட்டம் அது. பிறகு 2011, 2012, 2013 மூன்று சீசனிலும் தலா 11 வெற்றி. லாட்டிமோர் காயப்பட்ட பிறகும், ஜடேவியான் கிளௌனி போன்றவர்கள் இருந்த தடுப்பணி தூக்கி நிறுத்தியது.

முடிவு அழகாக இல்லை. 2015இல் 2-4 என்று நிற்கும்போது சீசன் நடுவிலேயே விலகினார். பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார் என்று இன்றும் திட்டுகிறார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனாலும் அங்கே 86 வெற்றி, அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. கல்லூரி ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் ஆட்டக்காரராக ஒருமுறையும் பயிற்சியாளராக ஒருமுறையும் அவர் பெயர் உண்டு. அந்த இரட்டைப் பெருமை விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

புள்ளிவிவரத்தைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது என்பதால் ஒரு யோசனை சொல்கிறேன். ஃப்ளோரிடாவும் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் 1996 நவம்பர் 30 அன்று ஆடியதையும், 1997 ஜனவரி 2 அன்று சுகர் பௌல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் மறுபடி ஆடியதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய சீசனின் இறுதியில் நெப்ராஸ்காவிடம் 62-24 என்று உதை வாங்கியதால், ஸ்பரியர் தடுப்பணியைச் சீராக்க பாப் ஸ்டூப்ஸைக் கொண்டுவந்திருந்த வருடம் அது. முதல் ஆட்டத்தில் வூர்ஃபல், பந்தைக் காலிடையே பின்னால் கொடுக்கும் சென்டருக்கு ஒட்டிப் பின்னால் நின்று பந்தை வாங்குகிறார், ஒவ்வொரு முறையும் அடிபட்டு விழுகிறார், 24-21 தோல்வி. தரவரிசையில் முன்னால் இருந்த நெப்ராஸ்காவை டெக்சஸும், அரிசோனா ஸ்டேட்டை ஒஹாயோ ஸ்டேட்டும் கவிழ்த்திருக்காவிட்டால் தேசியப் பட்டத்துக்கு வழியே இருந்திருக்காது. அது சுத்தமான அதிர்ஷ்டம். ஆனால் கிடைத்த இரண்டாவது வாய்ப்பில் அவர் செய்ததைப் பாருங்கள்: வூர்ஃபலைப் பல கஜம் பின்னால் தள்ளி ஷாட்கன்னில் நிறுத்துகிறார். ஸ்பரியருக்கு அவ்வளவாகப் பிடிக்காத அமைப்பு அது. கிடைத்த அரை நொடி அவகாசத்தில் அதே ஆட்கள், அதே எதிரிக்கு எதிராக, 52-20. முதல் ஆட்டத்தின் கால்பகுதி பார்த்ததுமே வூர்ஃபல் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள், இரண்டாவது ஆட்டத்தில் வித்தியாசம் முதல் நகர்விலேயே தெரிந்துவிடும்.